டீசல் புல்லட் தேடறீங்களா? அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பழைய வண்டிப் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு டாரஸ் மேல எப்பவும் ஒரு கண்ணு. ராயல் என்ஃபீல்டு 1990-களில் விட்ட டீசல் புல்லட். 325 சிசி கிரீவ்ஸ் லொம்பார்டினி இன்ஜின், சக்தி வெறும் 6.5 குதிரை. அறுபதைத் தொடறதுக்குள்ள வண்டிக்கும் நமக்கும் தாவு தீர்ந்துடும். ஆனா டீசலை மோந்து பார்த்தே ஓடும்னு பேர் எடுத்தது. மாசுக் கட்டுப்பாடு இறுகினதும் நின்னு போச்சு. மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான், அதான் இந்த விலை, அதான் இந்தத் திருட்டு.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு புரோக்கர்கிட்ட நானும் ஒன்னு பார்க்கப் போனேன். "கம்பெனி டீசலுங்க தம்பி, நம்பி எடுங்க, ஒரே ஓனர் வண்டி"ன்னார். ஆர்சி புக்கில் எரிபொருள் டீசல்னே இருந்தது. அரசோட வண்டிப் பதிவுத் தளமான பரிவாகனில் நம்பரைப் போட்டாலும் டீசல். புக்கில் இருந்த சேஸ் (வண்டிச் சட்டம்) நம்பரும் வண்டியில் இருந்த நம்பரும் ஒன்னு. ஒன்னே முக்கால் லட்சம் கைமாறுச்சு. பேர் மாத்தறதுக்கான 29, 30 ஃபாரம்ல கையெழுத்தெல்லாம் தயாரா வெச்சிருந்தார். ஓனர் வெளியூர்ல இருக்காராம்.

கோயம்புத்தூர்ல பம்ப்செட் இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் ஒருத்தர் பக்கத்துத் தெரு. வண்டி சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார். "என்ன கண்ணு, தோட்டத்து மோட்டாரை ரோட்டுல ஓட்டிட்டு வர்றே?"ன்னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கச் சொன்னார். ஒரு அளவுக்கு மேல சத்தம் ஏறவே இல்ல. தண்ணி இறைக்கிற இன்ஜின் ஒரே வேகத்துல ஓடணும்னு கவர்னர் வெச்சு கட்டியிருப்பாங்க, அது அப்படியே இருந்தது. பெயர்த்தகடு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ரிவெட் ஓட்டை மட்டும்தான். இன்ஜினைத் தாங்கற பிளேட்டுகளை அறுத்து, வெல்டு பண்ணி, மேல கருப்புப் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. பெட்ரோல் புல்லட் உடம்புல பம்ப்செட் இதயம்.

அடுத்து ஹேண்டில் கழுத்துக்கிட்ட துணியில தின்னர் நனைச்சுத் தேய்ச்சார். பெயின்டுக்கு அடியில பட்டி. பட்டி போனதும் விரலை வெச்சுப் பார்க்கச் சொன்னார். நம்பர் இருக்கிற இடம் மட்டும் லேசாப் பள்ளம், பழைய நம்பரை அரம் போட்டு ராவின பள்ளம். புது எழுத்துல ஒரு ஏழு சாய்ஞ்சு நின்னது, பக்கத்துல இருந்த மூணு மத்ததை விட ஆழமா இறங்கியிருந்தது. கையால சுத்தியல் போட்டுப் பஞ்ச் பண்ணினா அப்படித்தான் வரும். கம்பெனி பஞ்ச் பொதுவா ஒரே ஆழத்துல, ஒரே வரிசையில நிக்கும்.

அப்போ அந்த புக் யாருது? புக்கில் இருந்த முகவரியைப் பிடிச்சு விசாரிச்சா, ஓனரோட பையன் பேசினார். "அப்பா வண்டிங்களா? அதைக் காயலான் கடைக்குப் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுங்களே, புக்கும் சேர்த்துக் கேட்டாங்க, குடுத்துட்டோம்." இரும்பு ஒரு பக்கம் போக, புக் தனியா விலை போயிருக்கு. வண்டியை உடைச்சா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குச் சொல்லி ரத்து பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்லுது. வீட்டுல யாரும் பண்றதில்ல. அந்தக் குடும்பத்துப் பேர்லதான் இந்தத் திருட்டு வண்டி இன்னைக்கும் நிக்குது. என் வண்டியோட நிஜச் சேஸ் யாரோ தொலைச்ச புல்லட்டாக்கூட இருக்கலாம், யோசிச்சாலே வயித்தைக் கலக்குது.

இன்ஜின் மாத்தினது மட்டும்னா அதே சட்டத்துல, அனுமதியில்லாம வண்டியை மாத்தறதைத் தடுக்கிற 52-ஆம் பிரிவுல மாட்டும். நம்பரை அழிச்சுப் புதுசாப் பஞ்ச் பண்ணினது கிரிமினல் விவகாரம். புரோக்கரோ "நானும் ஒருத்தர்கிட்ட வாங்கினதுதானுங்க"ன்னு கையை விரிச்சார், அப்புறம் போனே எடுக்கல. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் வாங்கினதுக்கான சிஎஸ்ஆர் ரசீது குடுத்திருக்காங்க, வண்டியும் அங்கேதான் நிக்குது.

வண்டி பார்க்கப் போனா பகல்ல போங்க. பேரம் பேசறதுக்கு முன்னாடி கழுத்துல பெயின்டைச் சுரண்ட விடுவாரான்னு கேளுங்க. ஒரிஜினல் வெச்சிருக்கிறவர் முகம் சுளிப்பார், ஆனா விடுவார். ஓனர்கிட்ட நேர்லயோ போன்லயோ பேசாம காசு குடுக்காதீங்க. அதே புரோக்கர் போன வாரம் இன்னொரு டீசல் புல்லட் விளம்பரம் போட்டிருக்கார்: மெரூன் டேங்க், புது சீட் கவர், சேஸ் பக்கம் ஒரு போட்டோகூட இல்ல. யாராவது அட்வான்ஸ் போட்டிருந்தா உடனே திருப்பிக் கேளுங்க.