கல்லூரிப் பாடத்துக்கு உதவி என்று வருபவர்களிடம் மாணவர் அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்

நேற்று இரவு எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் மறுபடியும் வந்தது. நீலப் பின்னணி, ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை, மஞ்சள் எழுத்தில் "கெமிஸ்ட்ரியா, கால்குலஸா, கவலை வேண்டாம்". பெயரும் போன் நம்பரும்தான் வேறு. "விரிவுரையாளர்" என்பதில் இருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் என் தம்பியிடம் 680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) பிடுங்கியவர்களின் விளம்பரம் இதுதான். அதனால்தான் இத்தனை நாள் ஆறப்போட்டிருந்ததை இன்று எழுதுகிறேன்.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஃபார்ம் சிக்ஸ் முடித்ததும் வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என் தம்பி. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் முதலாம் ஆண்டு. படிக்காத பிள்ளை இல்லை. தமிழ்ப்பள்ளியில் காடித்தன்மை, காரத்தன்மை என்று படித்தான். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் அசிட், அல்காலி என்று படித்தான். கல்லூரியில் எல்லாமே ஆங்கிலம். அதுவும் முதல் செமஸ்டரிலேயே டைட்ரேஷன், பஃபர், இன்டகிரேஷன் எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழுந்தன. வகுப்பில் கை தூக்கிக் கேட்கக் கூச்சம். வீட்டில் சொன்னால் நாங்கள் கவலைப்படுவோம் என்று நினைத்திருக்கிறான்.

அப்போதுதான் இந்த விளம்பரம் அவன் கண்ணில் பட்டது. பத்துக் கணக்கு, நான்கு மணி நேர நேரடி விளக்கம், மொத்தம் 380 வெள்ளி. பேசியவர் சரளமான தமிழில் பேசியிருக்கிறார். "தம்பி, நாங்களும் நம்ம ஆளுங்கதான். நம்ம பிள்ளைங்க பொறியியல்ல பாதியில நிக்கக் கூடாதுன்னுதான் செய்யறோம்" என்றாராம். எனக்கு இன்னும் ஆறாதது இந்த ஒரு வார்த்தைதான். நம் பிள்ளை ஒருவன் கல்லூரிக்குப் போனால் தெருவே பெருமைப்படுகிற சமூகம் இது. அந்தப் பெருமையைத் தொட்டே வலை வீசியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கை இலவசமாகச் செய்து அனுப்பினார்கள். அழகான கையெழுத்து, படிப்படியான விளக்கம், எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகுதான் பார்த்தோம், அது அவனுடைய பாடப்புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டு ஒன்றை எண்களைக்கூட மாற்றாமல் பார்த்து எழுதியது. அப்புறம் இரண்டு விஷயம் கேட்டார்கள். மாணவர் அட்டையின் படம் "பதிவுக்கு". கல்லூரிப் போர்ட்டலின் பாஸ்வேர்ட் "கேள்வித்தாளை நாங்களே எடுத்துக்கொள்ள". இரண்டையும் கொடுத்துவிட்டான். பணத்தை ஒரு தனிநபர் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கு டூயிட்நவ் என்ற உடனடிப் பணப்பரிமாற்ற வசதி வழியாக அனுப்பினான்.

நேரடி விளக்கம் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஞாயிறு இரவு 11.59-க்குள் அசைன்மென்ட்டை ஏற்ற வேண்டும். 10.40-க்குத்தான் 14 பக்கம் போட்டோவாக வந்து விழுந்தது. படித்துப் பார்க்க நேரமில்லை. அப்படியே பார்த்து எழுதி ஏற்றிவிட்டான். அவன் செய்தது தவறு, அதை நான் மறைக்கப் போவதில்லை.

20-க்கு 4 மதிப்பெண் வந்தது.

அந்தப் பக்கங்களைப் பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். ஃபார்ம் சிக்ஸில் கெமிஸ்ட்ரி எடுத்தவள் என்பதால் ஓரளவு ஞாபகம் இருந்தது. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 0.10 மோலார் அசெட்டிக் அமிலம் 50 மி.லி., அதில் 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. சேர்த்தால் பிஎச், அதாவது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், என்ன? சேர்த்த காரம் அமிலத்தில் சரியாகப் பாதியைத் தீர்த்துவிடுகிறது. மிச்சமுள்ள அமிலமும் புதிதாக உண்டான அசெட்டேட்டும் சம அளவு. அப்படியானால் பிஎச்சும், அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்ணான பிகேஏ-யும் ஒன்றே, 4.74. கால்குலேட்டரே வேண்டாம். கேள்வி கேட்டதே மாணவனுக்கு அந்தப் பாதிப்புள்ளி புரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். இவர்கள் எழுதியிருந்த விடை 1.48. எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். மீதமிருந்த 0.0025 மோல் அமிலம் முழுவதும் தண்ணீரில் பிரிந்துவிட்டதாக வைத்து, 75 மி.லி.யால் வகுத்து, லாக் எடுத்திருக்கிறார்கள். சமையலறை வினிகரில் இருக்கும், கொஞ்சமே பிரிகிற இந்த அமிலத்தை, முழுவதும் பிரிகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் போல நடத்தியிருக்கிறார்கள்! டைட்ரேஷன் பாடத்தை ஒருமுறை ஒழுங்காகப் படித்தவர்கூட இதைச் செய்ய மாட்டார்.

கணக்குப் பக்கமும் அதே லட்சணம்தான். எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ், அதை இன்டகிரேட் செய்ய வேண்டும். எக்ஸைத் தனியாகவும் காஸ் எக்ஸைத் தனியாகவும் செய்து இரண்டையும் பெருக்கி வைத்திருந்தார்கள். சரியான விடை எக்ஸ் சைன் எக்ஸ் கூட்டல் காஸ் எக்ஸ், அதோடு மாறிலி. இன்டகிரேஷனில் விடையைச் சரிபார்க்க யாரும் தேவையில்லை. வந்த விடையை டிஃபரன்ஷியேட் செய்தால் கேள்வி திரும்பக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். இதைத் தம்பிக்குக் காட்டியபோது அவன் முகம் விழுந்துவிட்டது. "இது எனக்கே தெரியும்க்கா, அன்னைக்கு ராத்திரி தோணவே இல்ல" என்றான்.

மதிப்பெண்ணோடு முடிந்திருந்தால் பாடம் கற்றோம் என்று விட்டிருப்பேன். அவன் பணத்தைத் திருப்பிக் கேட்டான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அவனுடைய மாணவர் அட்டையின் படம், விரிவுரையாளரின் மின்னஞ்சல் முகவரி, அவன் அவர்களுக்கு அனுப்பிய மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட். "800 வெள்ளி போடு. இல்லையென்றால் நாளைக் காலை கல்லூரிக்குப் போகும்." அன்று மாலையே கையிலிருந்த சாப்பாட்டுக் காசு 300-ஐ அனுப்பியிருக்கிறான். மிச்சம் 500-க்கு இரவும் பகலும் மெசேஜ்.

எங்களுக்கு எதுவும் தெரியாது. அவன் சரியாகச் சாப்பிடாததையும், போன் அதிர்ந்தாலே திடுக்கிடுவதையும் அம்மாதான் கவனித்தார். பிள்ளை ஏதோ காதல் விவகாரத்தில் இருக்கிறான் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் நள்ளிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். "என்னடா தம்பி?" என்று கேட்டதும் அழுதுவிட்டான். அவனுக்குப் 19 வயது.

இந்த மிரட்டல் உலகம் முழுக்க நடக்கிற வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாணவர்களுக்கு அசைன்மென்ட் செய்து விற்பதை ஆஸ்திரேலியா 2020-இலும் இங்கிலாந்து 2022-இலும் சட்டம் போட்டுக் குற்றமாக்கின. காசு கொடுத்த மாணவனையே பிறகு மிரட்டிக் கறப்பார்கள் என்று ஆஸ்திரேலிய உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு மாணவர்களை எச்சரிக்கிறது. காசு கொடுத்தவன் வெளியே சொல்ல மாட்டான். அவர்களுடைய முதலீடே அந்த வெட்கம்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றினோம். மோசடிக்கென்றே இருக்கும் 997 எண்ணுக்கு அழைத்தேன். தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது, 2022-இல் தொடங்கியது. பணம் போன உடனே அழைத்தால்தான் வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். எங்கள் பணம் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டது. அப்புறம் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்தோம். கணக்கு எண், போன் நம்பர், ஸ்லிப், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. மிரட்டல் மெசேஜ்களை அவன் கோபத்தில் அழிக்கப் பார்த்தான். நல்லவேளை, நான் தடுத்தேன்.

போலீஸின் செமாக் மியூல் தளத்தில் ஒரு வங்கிக் கணக்கு எண்ணையோ போன் நம்பரையோ போட்டால், அதன்மேல் புகார் இருக்கிறதா என்று பார்க்கலாம். நாங்கள் பணம் அனுப்பிய பிறகுதான் பார்த்தோம். புகார் இருந்தது. மோசடிப் பணத்தை வாங்கிக் கைமாற்றுவதற்கென்றே வைத்திருக்கும் "மியூல்" கணக்கு, அதாவது கழுதைக் கணக்கு! பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அங்கே எதுவும் வரவில்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. புதிதாகத் திறந்த கணக்கின்மேல் இன்னும் யாரும் புகார் கொடுக்காமல் இருக்கலாம்.

அடுத்துச் செய்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நாங்களே விரிவுரையாளரிடம் போனோம். வாசலில் நின்றபோது தம்பியின் கை நடுங்கியது. நான் பேசவில்லை, அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவர் மலாய்க்காரப் பெண்மணி, 50 வயது இருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம் என்றார், எழுத்துப்பூர்வமான எச்சரிக்கையும் வரும் என்றார். பிறகு மார்க்கர் பேனாவை அவன் கையில் கொடுத்து, அதே வினிகர் கணக்கைப் பலகையில் போடச் சொன்னார். பாதியில் நின்றபோது திட்டவில்லை. "இந்த நேரத்தில் குடுவைக்குள் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்" என்று மட்டும் கேட்டார். அவன் சொல்லச் சொல்ல விடை தானாக வந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரம் மாணவர்களுக்காகவே அறையில் உட்கார்ந்திருக்கிறாராம். பெரும்பாலும் யாரும் வருவதில்லையாம். 380 வெள்ளி கொடுத்துத் தேடியது அந்த அறையில் காசில்லாமல் இருந்திருக்கிறது.

மிரட்டல் அதற்குப் பிறகும் ஒரு வாரம் வந்தது. பதில் போடவில்லை. தானாக நின்றது.

உதவி கேட்பது தவறில்லை, டியூஷன் வைப்பதும் தவறில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒழுங்கான ஆசிரியர் பிள்ளையைப் போடவைத்துப் பார்ப்பார், போட்டுக் கொடுக்க மாட்டார். காசு கொடுக்கும் முன் பிள்ளை திணறும் ஒரு கணக்கைக் காட்டி, எங்கள் முன்னால் இப்போதே விளக்குங்கள் என்று கேளுங்கள். அதற்குத் தயங்குபவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்ட் கேட்டால் பேச்சே வேண்டாம். இலவசமாகப் படிக்கவும் வழி இருக்கிறது. ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் கெமிஸ்ட்ரி, கால்குலஸ் புத்தகங்களை முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம். கான் அகாடமி வீடியோக்களைப் பிள்ளை புரியும்வரை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தம்பி இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு நண்பர்களோடு டத்தாரான் மெர்டேக்கா பக்கத்து நூலகத்துக்குப் போய் உட்காருகிறான்.

நேற்றைய விளம்பரத்துக்குக் கீழே குழுவில் எங்கள் கதையை நான்கு வரியில் எழுதினேன். அரை மணி நேரத்தில் மூன்றாம் மாடி அக்கா தனியாக அழைத்தார். அவருடைய மகள் அன்று மாலைதான் மாணவர் அட்டையையும் பாஸ்வேர்டையும் அனுப்பியிருக்கிறாள். பணம் இன்னும் போடவில்லை. உடனே இறங்கிப் போனேன். அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையைத் தூக்கவே இல்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினோம். திங்கட்கிழமை காலை அவளோடு கல்லூரிக்குப் போக அவளுடைய அம்மா லீவு போட்டிருக்கிறார்.