மெதுவான லைனில் ரிமோட் டெஸ்க்டாப்: ஆர்டிபியா, விஎன்சியா, எக்ஸ்2கோவா?

ஊருக்குப் போனால் எனக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான் கதி. அதில் தூரத்துக் கணினியின் திரையை இங்கே திறந்து மவுஸை நகர்த்தினால், அந்தப் பக்கம் அம்புக்குறி யோசித்து யோசித்துத்தான் கிளம்பும். அந்த எரிச்சலில் ஆர்டிபி, விஎன்சி, எக்ஸ்2கோ என்று இதற்கான வழிகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எதையும் நிறுவும் முன் ஒரு பிங் (சிறு செய்தி ஒன்று போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். லைன் ஒடுங்கியிருப்பது ஒரு நோய், பதில் வரத் தாமதமாவது வேறு நோய், ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது. எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள் கட்டளை வரியில் நுழையும் பாதுகாப்பான வழி) வழியாக எக்ஸ்11 (லினக்ஸில் திரையை வரையும் அமைப்பு) விண்டோவை இழுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்தத் தாமதத்தில்தான். ஒரு மெனு திறப்பதற்குள் நிரலும் திரையும் கேள்வி பதிலாகப் பேசிக்கொண்டே இருக்கும். 200 மில்லிசெகண்ட் பிங்கில் அப்படி 100 தடவை போய்வந்தால் 20 நொடி போச்சு. கம்ப்ரஷனைப் போட்டாலும் இது குறையாது.

விஎன்சி இந்த அரட்டை அடிக்காது, பிக்சல்களை மட்டும் அனுப்பும். ஆனால் 1920×1080 திரையை 32 பிட் நிறத்தில் அப்படியே அனுப்பினால் 8 எம்பிக்கு (மெகாபைட்) மேல், 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) லைனில் ஒரு நிமிடம் தாண்டும். நிஜத்தில் சுருக்கித்தான் அனுப்புகிறது, ஆனாலும் பிரவுசரில் ஸ்க்ரோல் செய்தால் மூச்சுத் திணறும். டைகர்விஎன்சி (விஎன்சி மென்பொருள்களில் ஒன்று) என்றால் ஆட்டோ செலக்டை எடுத்துவிட்டு, டைட் என்கோடிங் என்ற சுருக்கும் முறையை வைத்து, ஜேபெக் தரத்தைக் குறையுங்கள். நிறத்தை 256க்கு இறக்கலாம். 8 நிறம்கூட உண்டு, கண்ணுக்குத்தான் தண்டனை. சர்வரில், அதாவது தூரத்துக் கணினியில், திரையை 1280×720 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

அந்தப் பக்கம் லினக்ஸ் கணினி என்றால் என் ஓட்டு எக்ஸ்2கோவுக்கு. நோமெஷின் நிறுவனம் உருவாக்கிய என்எக்ஸ் நுட்பம்தான் உள்ளே ஓடுகிறது. போய்வரும் கேள்விகளைக் குறைக்கிறது, ஒருமுறை வந்த படத்தை கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்கிறது. லைன் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மழை நாளில் இதன் அருமை தெரியும். எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே மாதிரி எளிய டெஸ்க்டாப் வையுங்கள், க்னோம் ஷெல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அந்தப் பக்கம் விண்டோஸா? யோசிக்கவே வேண்டாம், விண்டோஸின் சொந்த வழியான ஆர்டிபிதான். (ஹோம் எடிஷன் என்றால் வெளியிலிருந்து உள்ளே வர அது விடாது, அப்போது விஎன்சிதான்.) ரிமோட் டெஸ்க்டாப் செயலியின் எக்ஸ்பீரியன்ஸ் டேபில் வால்பேப்பர், அனிமேஷன், ஃபான்ட் ஸ்மூத்திங் (எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்குவது) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிட்மேப் கேஷிங்கை மட்டும் விட்டுவையுங்கள். நிறத்தை 16 பிட்டாக்கி, ஒலியையும் நிறுத்துங்கள். 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த ஆர்டிபி 8 முதல் யுடிபியும் (தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்து நிற்காமல் அனுப்பும் முறை) உண்டு. பாக்கெட் தொலையும் லைனில் நல்ல வித்தியாசம் தெரியும். அதற்காக ஆர்டிபியின் 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்துவிடாதீர்கள், விபிஎன் (பூட்டிய தனி வழி) வழியாகப் போங்கள்.

அப்புறம், ஒரு கான்ஃபிக் ஃபைலில் நாலு வரி மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் திரையே எதற்கு? எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து டிமக்ஸைத் (லைன் அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் டெர்மினல் கருவி) திறந்தால் 2ஜியிலும் வேலை முடிந்துவிடும்.