தீவு வழக்குகளைப் படிக்க: சர்வதேச நீதிமன்ற இணையதளம் எப்படி?

காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம். ஹேக் நகரிலுள்ள இந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் முழுசாகக் கிடைக்கின்றன. முதல்முறை வருபவர்கள் பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவு யாருக்கு என்ற வழக்கை (மலேசியா, சிங்கப்பூர், 2008 தீர்ப்பு) எடுத்துக்கொள்ளலாம்.

நேரே தீர்ப்புக் கோப்பைத் திறந்தால் தலைசுற்றும். பிரெஞ்சும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் கோப்பு இரட்டிப்பு நீளம். முதலில் சுருக்கம், அடுத்து கடைசிப் பத்தி: பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு (நீதிபதிகள் வாக்கு 12-4), அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு (15-1), சவுத் லெட்ஜ் பாறை யாருடைய கடல் எல்லைக்குள் வருகிறதோ அவர்களுக்கு. பிறகு 1953 கடிதம் பற்றிய பத்திகள். அந்தப் பாறைக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூர் (இன்று மலேசிய மாநிலம்) சிங்கப்பூருக்கு எழுதிக்கொடுத்த பதில் அது. வழக்கின் உயிர்நாடியே அங்கேதான். அந்தப் பாறைமேல் 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம்தான் தீர்ப்பைத் திருப்பியது என்று நினைப்பவர்கள் இதை அவசியம் படிக்கணும். மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதிகளையும் விட்டுவிடாதீர்கள், சுவையே அதில்தான்.

குறைகள்: நடப்பு வழக்குகளின் எழுத்து வாதங்கள் பொதுவாக வாய்மொழி விசாரணை தொடங்கும்வரை வெளிவராது. 2017இல் மலேசியா கேட்ட மறுஆய்வு தனி வழக்காக இருக்கிறது; அது 2018இல் திரும்பப் பெறப்பட்டதால் அங்கே தீர்ப்பைத் தேடாதீர்கள். தமிழில் எதுவுமில்லை.