மார்கழியில் 1900, கத்திரியில் 1600

சித்தி பையன் போன வாரம் குடியாத்தத்திலிருந்து போன் செய்தான். "அண்ணா, உன் ஸ்டீம் டெக்ல ஜிபியு எவ்ளோ வரைக்கும் ஏத்தலாம்? ஒரு நம்பர் மட்டும் சொல்லு." ஸ்டீம் டெக் என்பது கையில் பிடித்து வீடியோ கேம் ஆடும் குட்டிக் கணினி; ஜிபியு அதில் படம் வரையும் பகுதி, ஏற்றுவது அதன் வேகத்தை. செகண்ட் ஹேண்டில் விலை இறங்கியிருக்கிறதாம், பழைய எல்சிடி திரை மாடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். ஒரு நம்பராம்! இரண்டு வருடமாக நானும் அதைத்தான் தேடுகிறேன்.

என்னுடையதும் அதே எல்சிடி மாடல். 2023இல் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கைமாற்றி விட்டது. கம்பெனி வைத்த அளவு தெரிந்ததுதான்: கணக்குப் போடும் சிபியு 3.5 கிகாஹெர்ட்ஸ், ஜிபியு 1600 மெகாஹெர்ட்ஸ், இரண்டுக்கும் சேர்த்து 15 வாட். அந்தச் 'சேர்த்து' என்ற சொல்லின் அர்த்தம் எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. பயாஸில், அதாவது இயந்திரம் எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில், மறைந்திருக்கும் பக்கங்களைத் திறந்து ஜிபியுவை 1900க்கு ஏற்றினேன். ஆனால் கனமான விளையாட்டைப் போட்டால் திரை ஓரத்தில் தெரியும் ஜிபியு வேகம் 1400க்கும் 1500க்கும் நடுவே ஆடியது. கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மாடியில் சொட்டும் இல்லையா, அந்தக் கதைதான். டேங்க் ஒன்று, குழாய் இரண்டு. சிபியு குடித்தது போக மிச்சம்தான் ஜிபியுவுக்கு. வாட்டை ஏற்றாமல் மெகாஹெர்ட்ஸை மட்டும் ஏற்றிப் பயனில்லை.

சரி என்று 15ஐ 20 ஆக்கினேன். அது 2023 டிசம்பர், மார்கழி பிறந்திருந்தது. சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடி அறையில் விடியற்காலை போர்வை தேவைப்படும் நாட்கள். 1700 நின்றது, 1800 நின்றது. 1900இல் மூன்று மணி நேரம் கார் பந்தயம் ஓட்டினேன், ஒரு இடறல் இல்லை. 2000இல் திரை முழுக்கக் கோலப்பொடி கொட்டிய மாதிரி புள்ளிகள் வந்து உறைந்துவிட்டது. ஆக 1900 என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். அந்த இரண்டு கோடுதான் என் தப்பு.

வேலூருக்கு இரண்டு கத்திரி பேர்போனது. ஒன்று முள்ளுக் கத்திரி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளலாம். இன்னொன்று மே மாதம் வருவது, அதை யாரும் தொட முடியாது. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை மலைகள் ராத்திரி பதினொரு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், மின்விசிறி அதையே சுற்றிச் சுற்றித் தரும். 2024 மே மாதம் அதே அறை, அதே கார் பந்தயம், அதே 1900. பன்னிரண்டாவது நிமிடத்தில் சிப் 100 டிகிரியைத் தொட்டது. வேகம் தானாகவே இறங்கியது, அப்புறம் டெக் மொத்தமாக அணைந்தது. 1800இல் அரை மணி நேரம். 1700இல் ஒருநாள் நிற்கும், மறுநாள் நிற்காது. இந்த 'ஒருநாள் நிற்கும்' இருக்கிறதே, முழுசாகக் கெட்டுப்போவதைவிட எரிச்சல் அதுதான். குறை இயந்திரத்திலா, விளையாட்டிலா, அன்றைக்குக் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடியதாலா என்று புரியாமல் ராத்திரித் தூக்கம் போகும்.

மேலே காற்று வெளியேறும் வாயில் ஆயா ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, இஸ்திரிப் பொட்டி கணக்கா சுடுது" என்றார். கைப்பிடி மட்டும் குளிர்ச்சியாகவே இருக்கும், அதற்கு ஒரு கும்பிடு. வடிவமைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வராமல் இருப்பதற்கு அந்தக் கைப்பிடி ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். 2022இல் ஐரோப்பாவில் வெப்ப அலை அடித்தபோது டெக்கைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனமே அறிவித்தது: சுற்றுப்புறம் 0 முதல் 35 டிகிரி வரை இருந்தால் டெக் நன்றாக ஓடும், சிப் 100ஐத் தொட்டால் வேகம் குறையும், 105இல் அணைந்துவிடும். 35 டிகிரியாம். எங்கள் ஊரில் மே மாதம் 35 என்றால் 'இன்னைக்குப் பரவாயில்லை' என்று துணி காயப்போடப் போவார்கள்.

அந்த மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஆயிரம் மீட்டருக்கு மேலே போனதும், நான் முதலில் செய்த காரியம் படகுத்துறை பார்ப்பது இல்லை என்று மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறார். அங்கே சாயங்காலம் 1900 மறுபடி நின்றது. ஒரே மாதம், ஒரே இயந்திரம். மாறியது மலை மட்டும்.

இதற்குள் வேறு ஒரு வழி கிடைத்திருந்தது. புதிய பயாஸில் சிபியு, ஜிபியு இரண்டின் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் குறைக்க அவர்களே இடம் வைத்திருக்கிறார்கள். ஏற்றுவதை விட்டுவிட்டு இறக்கிப் பார்த்தேன். 50 மில்லிவோல்ட் குறைத்தபோது விளையாட்டு மூன்று மணி நேரம் அருமையாக ஓடியது. சாப்பிடப் போகும்போது டெக்கை ஸ்லீப்பில் தூங்க வைத்தேன், திரும்பி வந்து எழுப்பினால் கறுப்புத் திரை. சுமை ஏறும்போது விழவில்லை, சும்மா இருக்கும்போது விழுந்தது! இதை எந்தச் சோதனை மென்பொருளும் எனக்குக் காட்டவில்லை. 40இல் நான்கு நாள் தாங்கியது. 30இல் வைத்து இன்று வரை ஒருமுறைகூட விழவில்லை. 15 வாட்டுக்குள்ளேயே 1600 நிலையாக நிற்கிறது, விசிறிச் சத்தமும் குறைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 20 வாட்டில் 1900 ஓட்டியபோது எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது நொடிக்கு ஐந்தாறு சட்டகம் (ஃப்ரேம்). பேட்டரி 40 வாட்-மணி, எல்லாம் சேர்த்து 30 வாட் இழுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் சார்ஜரைத் தேட வேண்டும். திரையை 40 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 40 சட்டகத்தில், பூட்டிவிட்டால் அந்த ஐந்தாறும் கண்ணுக்கே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம்.

போன மாதம் விசிறி கரகரத்தது. ஊருக்குள் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். பின்பக்கம் எட்டு ஸ்க்ரூதான், ஆனால் மெமரி கார்டை எடுத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். நானும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை. கார்டு இரண்டாக உடைந்து வந்தது, அதிலிருந்த சேமிப்பு எல்லாம் போச்சு. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருந்தார். சூடு ஆறேழு டிகிரி குறைந்துவிட்டது.

குறைந்தது நல்லதுதான். ஆனால் நோட்டில் மாதவாரியாக நான் எழுதி வைத்திருந்த எண்கள் எல்லாம் இப்போது செல்லாது. நேற்று ராத்திரி 1700இல் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், விழவில்லை. மே மாதம் வரட்டும்.

தம்பிக்கு 1600 என்று மெசேஜ் அனுப்பினேன். "அது கம்பெனி வச்ச நம்பர்தானே அண்ணா?" என்று உடனே பதில் வந்தது.

ஆமாம் என்று போட்டேன்.