சாட்ஸ்வர்த் ஏற்புச் சிகிச்சை வகுப்பு: தாராளமாகப் போகலாம்

டர்பனில் மனநல வகுப்பு என்றால் பெரும்பாலும் மூச்சுப் பயிற்சியோடு முடிந்துவிடும். சாட்ஸ்வர்த்தில் ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் இந்த வகுப்பில், ஏற்புச் சிகிச்சை (பயத்தையும் வலியையும் விரட்டாமல், அவற்றுக்கு இடம் கொடுத்து வாழப் பழக்கும் மனநலச் சிகிச்சை) எப்படி உருவானது என்பதையும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

தொடங்குவதே நம் நாட்டுக்காரரிடமிருந்து. ஜோகன்னஸ்பர்க்கின் ஜோசப் வோல்ப், இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவர். போரில் மனம் உடைந்து வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பேசவைத்துப் பார்த்தார், பலன் நிலைக்கவில்லை. பிறகு அவர் கண்ட வழி 1958இல் புத்தகமாக வந்தது: உடம்பைத் தளர்த்திக்கொண்டு, பயங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை ஒவ்வொன்றாக மனதில் கொண்டுவருவது. பயம் அடங்க வேண்டும், அதுதான் குறி. அப்புறம் அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ். 1978இல் பல்கலைக்கழகத் துறைக் கூட்டத்தில் பேச வாயெடுத்தவருக்குக் கடும் பீதி, அதை அடக்க அடக்க மேலும் கூடியது. 1980களில் அவர் வேறு பக்கம் திரும்பினார்: பயம் இருந்துவிட்டுப் போகட்டும், அதோடேயே வேண்டிய காரியத்தைச் செய். அதுதான் ஏற்புச் சிகிச்சை, அதற்கான முழுமையான நூல் 1999இல்தான் வந்தது.

இங்கே பின்வரிசை அக்கா ஒருவர் கேட்டார்: "நம் வீட்டுப் பெண்களிடம் பொறுத்துப் போ என்பார்களே, இதுவும் அதுதானா?" ஆசிரியர் அவசரப்படவில்லை. அடிக்கிற கணவனை ஏற்கச் சொல்லவில்லை அம்மா, வெளியே போக நினைக்கும்போது நெஞ்சில் எழும் பயத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் இது என்றார். கூடம் அமைதியாகிவிட்டது. இந்த ஒரு பதிலுக்கே கட்டணம் தகும்.

"பால், பால், பால்" என்று முக்கால் நிமிடம் எல்லோரும் வேகமாகச் சொல்லும் பயிற்சியும் உண்டு, பழைய உளவியலாளர் டிட்ச்னரிடமிருந்து வந்தது. கடைசியில் வெறும் சத்தம்தான் மிஞ்சும். மனதைக் குத்தும் சொல்லையும் பிறகு அப்படியே சொல்லிப் பார்க்க வேண்டும்.

குறை என்றால், ஜப்பானில் மனநல மருத்துவர் ஷோமா மோரிடா 1919 வாக்கிலேயே ஏறக்குறைய இதையே செய்திருக்கிறார், அவருக்கு ஒரே வரிதான். 1979இல் நாள்பட்ட வலிக்காரர்களோடு விழிப்புணர்வுத் தியானப் பயிற்சியைத் தொடங்கிய அமெரிக்கர் கபாட்-ஜின்னையும் ஓட்டமாகக் கடந்துவிட்டார்கள். கையேடு முழுக்க ஆங்கிலம், தமிழ் படிக்கும் பெரியவர்கள் திணறினார்கள், இதை அவசியம் சரிசெய்ய வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், வகுப்பிலும் முதல் நாளே இதைச் சொல்கிறார்கள். நாற்காலி போதவில்லை, கொஞ்சம் சீக்கிரமே போங்கள்.