முதுநகரில் படகு எஞ்சின் அலைன்மென்ட்: ஒரு பட்டறையின் வேலை எப்படி?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கடலூர் முதுநகரில் விசைப்படகுக்கு எஞ்சின் மாற்றும் வேலை அந்த நாட்களில்தான் குவியும். அங்குள்ள ஒரு பட்டறை, எஞ்சின் இறக்கி ஏற்றிய பிறகு கியர்பாக்ஸும் புரொப்பல்லரைச் சுற்றும் ஷாப்டும் (தண்டு) நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட் முறையைப் பற்றியது இந்த மதிப்பீடு. வேலை சுத்தம். ஒரே ஒரு குறை, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் கை வைப்பது ஃப்ளைவீல் ஹவுசிங்கில், அதாவது எஞ்சினில் கியர்பாக்ஸ் வந்து மாட்டும் கூட்டில். பழைய ஹவுசிங்கைப் புது எஞ்சினில் மாட்டும்போது பலர் இதை அளப்பதே இல்லை. இங்கே பெயிண்ட், பிசிறு எல்லாம் சுரண்டிவிட்டு, ஃப்ளைவீலில் காந்த ஸ்டாண்டு வைத்து, டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) முனையை ஹவுசிங்கின் உள்வட்டத்தில் தொடவிட்டு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கை ஒரே திசையில் கையால் சுற்றுகிறார்கள். முள் மொத்தம் 0.30 மி.மீ. ஆடினால் மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.15. இதைக் குழப்பிக்கொண்டு இரண்டு மடங்கு நகர்த்திவிடுபவர்கள் உண்டு. முகப்பை அளக்கும்போது கிராங்கை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் டயலில் சேர்ந்துகொள்ளும். இங்கே அதையும் விடுவதில்லை.

அடுத்தது கப்ளிங், அதாவது கியர்பாக்ஸையும் ஷாப்டையும் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுகள். இந்த வேலையைப் படகு தண்ணீரில் இறங்கி ஓரிரு நாள் கிடந்த பிறகே செய்கிறார்கள். கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும்போது மரப்படகின் அடிப்பாகத்துக்கு ஒரு வளைவு, மிதக்கும்போது வேறு வளைவு. கரையிலேயே முடித்துக் கொடுக்கும் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுப்பது வீண்.

போல்ட்டைக் கழற்றியதும் ஷாப்டின் முனை தன் எடையால் தொங்கும். தாங்கலுக்கு வெளியே நிற்கும் ஷாப்ட் 20 கிலோ, கப்ளிங் 6 கிலோ என்றால், ஷாப்டில் பாதியும் கப்ளிங் முழுவதுமாக 16 கிலோவை ஸ்பிரிங் தராசில் தூக்கிப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். இரண்டு முகமும் ஒன்றுக்குள் ஒன்று கையாலேயே வழுக்கி உட்கார்ந்தால் மையம் சரி. பிறகு மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). 5 அங்குல கப்ளிங்குக்கு இடைவெளி வித்தியாசம் 0.005 அங்குலத்தை, அதாவது 0.13 மி.மீ. சுமாரைத் தாண்டக் கூடாது.

கீழே இடைவெளி அதிகம் என்றால் எஞ்சினின் முன்பக்கத்தை இறக்க வேண்டும். எவ்வளவு? 125 மி.மீ. கப்ளிங்கில் 0.20 வித்தியாசம், எஞ்சினைத் தாங்கும் முன் பின் மவுண்ட்டுகளுக்கு நடுவே 750 மி.மீ. என்றால், முன் மவுண்ட்டில் 1.2 மி.மீ. இறக்கிவிட்டு மையத்தை மறுபடி பார்க்க வேண்டும். உயரம் சரிசெய்ய அடியில் வைக்கும் ஷிம்முக்குப் பித்தளைத் தகடு வெட்டுகிறார்கள். மரச் சில்லு சொருகுவதில்லை. அது அமுங்கிப்போகும்.

பாராட்ட வேண்டியது இன்னொன்று: ஷாப்ட் கப்ளிங்கை மட்டும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி மறுபடி அளக்கிறார்கள். பெரிய இடைவெளி கூடவே சுற்றி வந்தால் ஷாப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் கோணல். அதற்கு லேத்துதான் வழி, எத்தனை ஷிம் போட்டாலும் சரியாகாது. இதைப் பார்க்காமல் விட்டால் கியர்பாக்ஸ் சீல் கசியும், படகின் பின்பக்கம் ஷாப்டைத் தாங்கும் ஸ்டெர்ன் புஷ் ஒரு பக்கமாகத் தேயும், கடைசியில் ஷாப்டே கப்ளிங் ஓரத்தில் முறியும். நடுக்கடலில் அது முறிந்தால் என்ன ஆகும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

குறை: அளவுகளை எழுதித் தருவதில்லை, வாயால் சொல்வதோடு சரி. நான்கு எண்களையும் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து படகைக் கொண்டுவருபவர்களுக்கு இது இன்னும் அவசியம். இரண்டு மூன்று தடவை கடலுக்குப் போய் வந்த பிறகு, டீசல் டேங்கை நிரப்பி ஐஸ் ஏற்றிய நிலையில் அங்கேயே மறுபடி அளந்து, குறித்த எண்ணோடு ஒப்பிடலாம்.