படம் ஒன்று, பை வேறு: 50 பூங்கிழங்குகள்

செப்டெம்பர் பிறந்தால் போதும், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் மாவும் மரக்கறியும் வாங்கும் கடை வாசலிலேயே பூங்கிழங்குப் பைகள் (பனிக்கு முன் நட்டால் வசந்தத்தில் பூப்பவை) வந்து குவிந்துவிடும். நான் வாங்கியது டியூலிப், டஃபோடில், குரோக்கஸ் மூன்றும் கலந்த 50 கிழங்குப் பை. ஒல்லாந்துச் சரக்கு. 20 டொலருக்குள் முடிந்தது, விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை படத்தில்தான். பையோடு வரும் மட்டையில் மூன்று பூவும் ஒன்றாக விரிந்து நிற்கின்றன. ரொறன்ரோ காலநிலையில் அது நடக்கிற காரியமா? பனி முழுக்கக் கரைய முன்பே குரோக்கஸ் தலைகாட்டிவிடும். டஃபோடில் ஏப்ரல் கடைசியில். டியூலிப் மே மாதம்தான். வாசலில் மாறி மாறி ஏதாவது பூத்திருப்பது நல்லதுதான், அதையே சொல்லி விற்றிருக்கலாமே.

ஆழத்துக்கும் மட்டையில் ஒரே கணக்கு, 15 சென்டிமீற்றர். டியூலிப்புக்கும் டஃபோடிலுக்கும் சரி. சின்னஞ்சிறு குரோக்கஸுக்கு 8 போதும். கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் என்பதுதான் வழமை. பெரியவற்றை அடியில் வைத்து, மண் போட்டு, அதற்கு மேல் குரோக்கஸை நட்டேன். ஒரே குழியில் வேலை முடிந்தது.

டியூலிப்தான் ஏமாற்றம். அதைச் சுற்றளவு பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். 12 சென்டிமீற்றரும் மேலும் என்றால் முதல் தரம். என் பையில் இருந்தவற்றை நூலால் சுற்றி அளந்தால், பெரும்பாலானவை 9-ஐக்கூடத் தாண்டவில்லை. வசந்தத்தில் பாதிக்கு மேல் ஒற்றை இலையை நீட்டியதோடு சரி. சிலவற்றில் நீலப் பூஞ்சணமும் இருந்தது. தோலோடு நின்றால் துடைத்துவிட்டு நடலாம், அமுக்கும்போது குழைந்தால் குப்பைக்குத்தான்.

அப்புறம் அணில். இங்குள்ள கறுப்பு அணில்களுக்கு டியூலிப்பும் குரோக்கஸும் கச்சான் மாதிரி. கோழிக்கூட்டுக் கம்பிவலையை மேலே விரித்து மண் மூடியதால் தப்பின. டஃபோடிலை மட்டும் அவை சீண்டவே இல்லை, அதில் நஞ்சு இருக்கிறது. (வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.)

கொடுத்த காசுக்குப் பெறுமதி அந்த டஃபோடில்தான். எல்லாம் தடித்த கிழங்கு; இரட்டை மூக்கு, அதாவது ஒரே கிழங்கில் இரண்டு முளைமுனை, உள்ளவற்றில் இரண்டு தண்டு வந்து பூத்தது. பூ முடிந்ததும் அவசரப்பட்டு இலையை வெட்டாமல், தானாக மஞ்சளாகும் வரை விட்டால் அடுத்த வருடமும் வரும்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம், அதுவும் டஃபோடிலுக்காக. இனிமேல் கலவைப் பை வேண்டாம். பெட்டியில் கொட்டிவைத்துக் கையால் பொறுக்க விடுகிற கடையில் தனி டஃபோடிலாக வாங்கப் போகிறேன். ஒக்டோபர் கடைசியில் பல இடங்களில் விலை இறங்கும். நிலம் உறையும் வரை நடலாம் என்பதால் அப்போது வாங்கினாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எடுங்கள்.